சிறு சபைக்கு ஏற்ற சீட்டு வித்தை

கலியாணத்திற்கு முதல் நாள் இரவு. பந்தல் வேலை முடிந்துவிட்டது. வாசலில் வாழை கட்டியாயிற்று. அடுக்களையிற் பலகாரச் சூடு இன்னும் தணியவில்லை. விறாந்தையிற் பாய் விரித்து நால்வர் 304 ஆடிக்கொண்டிருக்கின்றனர்; ஆறேழு பேர் அவர்களைச் சூழ்ந்து நின்றும் இருந்தும் பார்க்கின்றனர். ஓர் ஆட்டம் முடிந்து தேநீர் வரும் இடைவேளையிலே பெரியவர் ஒருவர் தம் மருமகனைப் பார்த்து, "தம்பி, நீ ஏதோ வித்தை படிச்சனியாம், ஒண்டு காட்டன் பாப்பம்" என்கிறார். சீட்டுக் கட்டு அவன் கைக்கு வருகிறது. இனி அவன் செய்ய வேண்டியது யாது?

இவ்வினா சிறிதாகத் தோன்றினும் விடை எளிதன்று. மேடையில் நிற்கும் வித்தைக்காரருக்குத் திரை உண்டு, விளக்கு உண்டு, முன்னரே ஒழுங்கு செய்து வைத்த பொருள்கள் உண்டு, பார்ப்போர் யாவரும் ஒரே பக்கத்தில் எட்ட இருப்பர். பாயில் அமர்ந்த இளைஞனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கட்டு பிறருடையது. ஆயத்தம் செய்ய அவகாசம் இல்லை. நான்கு பக்கமும் கண்கள். அன்றியும், மேடை வித்தைக்காரர் காட்சி முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவார். இவனோ நாளைக் காலையில் இதே மாமனுக்கும் மச்சானுக்கும் பந்தி பரிமாற வேண்டியவன். ஆகவே, எதைச் செய்வது என்னும் தெரிவே இங்கே வித்தையின் பாதியாகும். விரலின் வேகத்தைக் காட்டிலும் அத்தெரிவிலேதான் செய்பவனுடைய அறிவும் பண்பும் வெளிப்படுகின்றன.

முதலில் நோக்க வேண்டியது கட்டு. முழுக் கட்டில் 52 சீட்டுகள் உள்ளன. ஆனால், ஈழத்து வீடுகள் பலவற்றிற் கைக்கு அகப்படுவது 304 ஆடும் கட்டு. அவ்வாட்டத்திற்கு 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டுகளையும் நீக்கிவிட்டு, எஞ்சிய 32 சீட்டுகளையே வைத்துக்கொள்வர். நாட்பட்ட கட்டாயின் ஒரு சீட்டின் முனை மடிந்திருக்கும். இன்னொன்றின் முதுகிலே தேநீர்க் கறை இருக்கும். 52 சீட்டும் நிறைவாக வேண்டும் என்று நிற்கும் வித்தை இவ்விடத்திற்கு ஆகாது. முன்கூட்டியே அடுக்கி வைத்த ஒழுங்கு வேண்டும் என்னும் வித்தையும் ஆகாது. அக்கட்டு இப்பொழுதுதானே ஆட்டத்திற் கலைக்கப்பட்டது. எத்தனை சீட்டாயினும், எவ்வகை ஒழுங்காயினும் நடைபெறக்கூடிய வித்தையே வேண்டப்படுவது.

இரண்டாவதாக நோக்க வேண்டியது இடம். உள்ளங்கையிற் சீட்டை மறைத்தல், இரண்டு சீட்டை ஒன்றுபோல் எடுத்துக் காட்டல் முதலிய கைத்திறன்கள் பல ஆண்டுப் பயிற்சியால் வருவன. அவற்றிற் சில, முன்னால் இருப்போர் கண்ணுக்கு மறைந்தாலும் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு மறையமாட்டா. சுற்றிவர ஆட்கள் நிற்கும்போது, தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனே போதும், வித்தையைக் கெடுத்துவிட.

சிறு சபைக்குச் சீட்டு வித்தை காட்டுவதைப் பெருங்கலையாக வளர்த்தவர் வியன்னா நகரத்து யோஹான் நெப்போமுக் ஹொஃப்ஸின்சர். 1806இற் பிறந்து 1875இல் மறைந்த அவர் அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1857 முதலாகத் தம் இல்லத்தின் கூடத்திலே அழைக்கப்பட்ட விருந்தினர்க்கு வித்தை காட்டிவந்தார். சீட்டு என்பது உள்ளங்கை அளவான சிறு பொருள். அதன் முகத்தைப் பத்தடிக்கு அப்பாலிருந்து பார்ப்பது கடினம். ஆதலால் சீட்டு வித்தை இயல்பாகவே சிறு கூடத்திற்கு உரியது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனினும், ஹொஃப்ஸின்சருக்குக் கூடம் தம்முடையது. தமக்கென்று ஆக்கிக்கொண்ட விசேடச் சீட்டுகளும் இருந்தன. கலியாண வீட்டு விறாந்தையில் இருப்பவன் அவரிடமிருந்து சபையின் அளவையும் நயத்தையும் கற்கலாமேயன்றி, அவருடைய கருவிகளை எதிர்பார்க்க இயலாது.

ஆகவே, கைத்திறன் வேண்டாதனவாய், இரவற் கட்டிலே நடப்பனவாய் உள்ள பழைய வித்தைகளை எடுத்துப் பார்த்தல் தகும். அவற்றுள் உலகெங்கும் பரவியது 21 சீட்டு வித்தை. 21 சீட்டுகளை ஒரு வரிசைக்கு மூன்றாக, முகம் தெரியும்படி, ஏழு வரிசையாக இடுவர். அப்பொழுது மூன்று நிரைகள் உண்டாகும். நிரை ஒன்றுக்கு ஏழு சீட்டு. பார்ப்பவர் ஒரு சீட்டை மனத்தில் நினைத்து, அஃது எந்த நிரையில் உள்ளதென்று மட்டும் சொல்வார். அந்நிரையை மற்றை இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கி, மறுபடியும் அவ்வாறே இடுவர். இப்படி மூன்று முறை செய்தால், நினைத்த சீட்டு மேலிருந்து 11ஆவதாக நிற்கும்.

இதன் காரணம் வெறும் கணக்கே. முதன்முறை நிரையை நடுவில் வைத்ததும் நினைத்த சீட்டு 8ஆம் இடத்திற்கும் 14ஆம் இடத்திற்கும் இடைப்பட்ட ஏழு இடங்களில் ஒன்றில் இருக்கும். இரண்டாம் முறைக்குப் பின் 10, 11, 12 என்னும் மூன்றில் ஒன்றில் இருக்கும். மூன்றாம் முறைக்குப் பின் 11ஆம் இடம் ஒன்றே எஞ்சும். மூன்று நிரைகளில் ஒன்றை மூன்று முறை சுட்டினால் 3ஐ 3ஆல் இருமுறை பெருக்கிய 27 சீட்டுகள் வரையும் ஒன்றைப் பிரித்தறியலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்து எழுதினார்.

பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடியிருந்தால் இஃது ஏற்ற வித்தையே. ஏன் 11 என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால், வித்தை கணித பாடமாக மாறி நெடுநேரம் இன்பம் தரும். ஆனால் கலியாண வீட்டில் தேநீருக்காகக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு இது பொருந்தாது. 21 சீட்டை மூன்று முறை இடுவதென்றால் 63 முறை கை நீள வேண்டும். மூன்று முறை ஒரே கேள்வி. மூன்றாம் முறை இடும்போது ஒருவர் வெற்றிலைத் தட்டத்தைத் தேடுவார். மற்றொருவர் நாளைக் காலைப் பொன்னுருக்குப் பற்றிப் பேசத் தொடங்குவார். அன்றியும், தாம் மூன்று முறை விடை சொன்னதால்தான் சீட்டு அகப்பட்டது என்பது எவர்க்கும் புலப்படும். வியப்பு அங்கே குறைந்துவிடுகிறது.

இதனினும் எளிதாய், இதனினும் விரைவாய் உள்ளது அடையாளச் சீட்டு வித்தை. கட்டை விருந்தினரே விரும்பியபடி கலைக்கட்டும். திரும்பப் பெற்று, விளிம்புகளை ஒழுங்காகத் தட்டும்போது அடிச்சீட்டு இன்னதென்று ஒரு கணம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவே அடையாளச் சீட்டு. பின்னர்க் கட்டை விசிறிபோல விரித்து ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, அவர் பார்த்தபின் கட்டின் மேலே வைக்கச் செய்ய வேண்டும். இப்பொழுது கட்டின் மேற்பாதியை எடுத்துக் கீழே இறக்கி, அடிப்பாதியை அதன்மேல் வைத்தால், அடியில் இருந்த அடையாளச் சீட்டு, எடுத்த சீட்டின் தலைமேல் வந்து அமரும். அதன்பின் சீட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரிய இட்டுவந்தால், அடையாளச் சீட்டை அடுத்து வருவதே விருந்தினர் எடுத்தது.

இவ்வாறு பாதியை எடுத்து மாற்றி வைப்பதை எத்தனை முறை செய்தாலும் அவ்விரு சீட்டும் பிரியமாட்டா. பூமாலையை எந்த இடத்திற் பிடித்துத் தூக்கினாலும் ஒரு பூவுக்கு அடுத்த பூ அதுவேயன்றோ? கட்டும் அத்தகைய மாலையே. ஒரேயொரு எச்சரிக்கை உண்டு: அடையாளச் சீட்டு கடைசிச் சீட்டாக வந்துவிட்டால், எடுத்த சீட்டு முதலில் இட்டதாகும். மாலையின் முடிச்சு அவ்விடத்தில் விழுந்தது என்று கொள்ள வேண்டும்.

ஆனால் மாற்றி வைத்தல் வேறு, கலைத்தல் வேறு. சீட்டைத் திருப்பி வைத்தபின் எவரேனும் ஆர்வத்தாற் கட்டைப் பறித்துக் கலைத்துவிட்டால் மாலை அறுந்ததாகும். ஒருமுறை கலைப்பதால் எல்லா ஒழுங்கும் அழிந்துவிடுவதில்லை என்பது உண்மையே. 52 சீட்டுக் கட்டை இரு பாதியாக்கி ஒன்றோடொன்று கோத்துக் கலைக்கும் முறையில், நன்கு கலந்ததென்று சொல்ல ஏறக்குறைய ஏழு முறை வேண்டும் என்று 1992இல் டேவ் பேயர், பேர்சி டயக்கோனிஸ் என்னும் கணித அறிஞர் இருவர் நிறுவினர். எனினும் அதை நம்பி இறங்குதல் சூதாடுவதை ஒக்கும். கலைப்பது எடுப்பதற்கு முன்; எடுத்தபின் மாற்றி வைப்பது மட்டும் என்று முறையை வகுத்துக்கொள்ளல் நன்று.

இனிமேல் வருவதே தெரிவின் உட்பொருள். அடையாளச் சீட்டு வித்தைக்கு முடிவு இரண்டு உண்டு.

ஒரு முடிவு பின்வருமாறு. சீட்டுகளை முகம் தெரிய இட்டுவரும்போது அடையாளச் சீட்டு வருகிறது. அடுத்து எடுத்த சீட்டும் வருகிறது. செய்பவன் அதைக் கவனியாதவன்போல மேலும் நாலைந்து சீட்டுகளை இடுகிறான். பின்னர்க் கட்டின் மேற்சீட்டைத் தொட்டுக்கொண்டு, "அடுத்ததாக நான் புரட்டுவது உங்கள் சீட்டு" என்கிறான். விருந்தினரோ தம் சீட்டு முன்னமே போய்விட்டதைக் கண்டவர். "இல்லைத் தம்பி, பிழைச்சுப் போச்சு" என்று சிரிக்கிறார். "பந்தயம் வைப்போமா?" என்கிறான். அவரும் காசை எடுத்து வைக்கிறார். உடனே அவன் கையை நீட்டி, பாயில் முகம் தெரியக் கிடக்கும் அவருடைய சீட்டையே குப்புறப் புரட்டுகிறான். சுற்றியிருந்தோர் கொல்லென்று சிரிக்கின்றனர். காசு கைமாறுகிறது.

இம்முடிவு கெட்டித்தனமானது என்பதில் ஐயமில்லை. மேல்நாட்டு வித்தை நூல்களிலும் இடம்பெற்றது. ஆயினும் அந்தச் சிரிப்பு யாரை நோக்கி எழுந்தது? உதவி செய்ய முன்வந்தவரை நோக்கியன்றோ? நம்பிச் சீட்டெடுத்தவர் பலர் முன்னிலையில் ஏமாளியானார். அவர் மாப்பிள்ளை வீட்டாராக இருந்துவிட்டாலோ, அச்சிரிப்பு கலியாணத்திற்குப் பின்னும் மனத்தில் நிற்கும். வேறொரு கேடும் உண்டு. தமிழ் வீடுகளிற் பெரியோர் சீட்டுக் கட்டை ஐயத்தோடு நோக்குவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்தார். பந்தயம் வைத்துக் காசு பறிக்கும் வித்தை, அப்பெரியோரின் ஐயத்தை மெய்யாக்கிவிடுகிறது. பக்கத்தில் இருந்து பார்க்கும் சிறுவரும் அன்று கற்பது வித்தையன்று, பந்தயமே.

மற்றை முடிவு இது. செய்பவன் சீட்டுகளை முகம் தெரியப் பாயிலே வரிசை வரிசையாக இடுகிறான். 32 சீட்டானால் நாலு வரிசை, வரிசைக்கு எட்டு. இடும்போதே அடையாளச் சீட்டை அடுத்தது எதுவெனக் கண்டுகொண்டு, முகக்குறி மாறாமல் முழுவதையும் இட்டு முடிக்கிறான். பின்னர் விருந்தினரை நோக்கி, "உங்கள் சீட்டை மனத்தில் நினைத்தபடி, கையை வரிசைகளின் மேல் மெல்லக் கொண்டுபோங்கள்" என்கிறான். கை அச்சீட்டின் மேல் வந்ததும், "அங்கே நிறுத்துங்கள், விரலை வையுங்கள். இப்பொழுது சீட்டின் பெயரைச் சொல்லுங்கள்" என்கிறான். அவர் பெயரைச் சொல்லிக் குனிந்து பார்க்கிறார். அவருடைய விரலே அச்சீட்டின் மேல் இருக்கிறது.

வழி ஒன்றே, அடையாளச் சீட்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் விருந்தினர் தோற்றார். பின்னதில் விருந்தினரே வித்தை செய்தவர் ஆனார். சபையின் கண்கள் செய்தவனை விட்டு அவர் முகத்திற்குச் செல்கின்றன. சிறு சபைக்கு வித்தை தெரிபவன் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி இதுவேயாம்: அவன் கெட்டிக்காரன் என்று தோன்றும் வித்தையைவிட, எதிரே இருப்பவர் மகிழ்ந்து நிமிரும் வித்தை மேலானது.

எதிரே யாரை அழைப்பது என்பதும் இத்தெரிவில் அடங்கும். கூச்சமுள்ள ஒருவரை வலிந்து இழுத்தல் தகாது. ஒதுங்கி இருப்பவரை மதித்து அழைத்தல் தகும். வாசற்படியிலே பாக்கு வெட்டிக்கொண்டிருக்கும் ஆச்சியை அழைக்கலாம். ஆனால் இரவு வெளிச்சத்தில், மூக்குக் கண்ணாடியின்றி, சீட்டின் குறி அவருக்குத் தெரியாமற் போகக்கூடும். ஆகவே பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளையும் சேர்ந்து பார்க்கும்படி சொல்ல வேண்டும். எடுத்த சீட்டை இருவர் பார்த்து வைத்தல் எப்பொழுதும் பாதுகாப்பானது. ஒருவர் மறந்தாலும் மற்றவர் சொல்வார். முனை மடிந்த சீட்டு, கறை பட்ட சீட்டு என்பவற்றை முன்னரே விலக்கி வைத்தலும் நன்று. அவற்றுள் ஒன்றை ஆச்சி எடுத்துவிட்டால், கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தான் என்று ஒருவர் சொல்லக்கூடும்.

வித்தை முடிந்ததும், "இன்னொருக்கால் செய்து காட்டு" என்னும் குரல் எழுவது இயல்பு. அக்குரலுக்கு இணங்கலாகாது. முதன்முறை பார்ப்பவர் முடிவை அறியார். ஆகவே எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் அறியார். இரண்டாம் முறை அவர் கண் நேரே அடிச்சீட்டுக்குச் செல்லும். இதனை மீறி வெற்றி கண்ட ஒரு நிகழ்ச்சி மாயவித்தை வரலாற்றிற் பலகாலும் எடுத்துரைக்கப்படுவது. ஒரு வித்தையை மூன்று முறை பார்த்தால் அதன் வழியைச் சொல்லிவிடுவதாகப் பெருமை கொண்டவர் ஹூடினி. 1922இல் சிக்காகோ நகரில், கனடாவிற் பிறந்த டாய் வெர்னன் என்னும் இளைஞர் அவருக்கு ஒரு சீட்டு வித்தை காட்டினார். கட்டின் உள்ளே வைக்கப்பட்ட சீட்டு மறுபடி கட்டின் மேலே வந்து நின்றது. மூன்று முறைக்கு மேலும் செய்து காட்டியும் ஹூடினியால் வழியைக் கண்டறிய முடியவில்லை. ஆனால் வெர்னன் சிறுவயது முதலே சீட்டோடு வாழ்ந்தவர். 1992இல் 98 வயதில் மறையும் வரையும் அதனையே பயின்றவர். வெர்னனுக்குக் கூடியது விதிவிலக்கு. ஏனையோர்க்கு ஒருமுறையோடு நிறுத்துதலே விதி.

"இது எப்படி நடந்தது? உனக்கு ஏதும் சக்தி இருக்கோ?" என்று எவரேனும் மெய்யாகவே கேட்டால், அங்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1584இல் ரெஜினால்ட் ஸ்கொட் என்னும் ஆங்கிலேயர், சூனியக்காரர் என்று பழி சுமத்தி மக்களைத் துன்புறுத்திய கொடுமையை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அதிற் சீட்டு வித்தைகள் சிலவற்றின் வழியையும் விளக்கினார். வியப்பூட்டுவன யாவும் பேயின் செயல் அல்ல என்று காட்டுவதே அவர் நோக்கம். இலங்கையிலும், பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத சக்தியை நிரூபிப்பவர்க்கு 100,000 ரூபா அளிப்பதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும் வரையும் அப்பரிசை எவரும் பெற்றிலர். செய்பவன் தன் வழியைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ஆனால் சக்தி உண்டென்று நடித்தல் ஆகாது. "இது படித்த வித்தை, சக்தி ஒன்றும் இல்லை" என்று சொல்வதால் வியப்புக் குறைவதில்லை. நம்பிக்கை மட்டும் காக்கப்படுகிறது.

இறுதியாக, வித்தை தவறினால்? அடிச்சீட்டைப் பார்க்க மறந்திருக்கலாம். யாரேனும் கட்டைக் கலைத்திருக்கலாம். அவ்வேளையிற் கட்டின் மேற் பழி போடுதலும், எடுத்தவர் சீட்டை மறந்துவிட்டார் என்று வாதிடுதலும் தகாதன. "இன்றைக்குச் சீட்டு என்னை வென்றுவிட்டது" என்று சிரித்துக்கொண்டு கட்டை ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். தவறிய வித்தையை ஒரு நாளில் மறந்துவிடுவர். தவறியபோது காட்டிய முகத்தை மறவார்.

தேநீர் வந்துவிட்டது. விறாந்தையில் ஆச்சியின் விரல் இன்னும் அந்தச் சீட்டின் மேலேயே இருக்கிறது. பேரன், "ஆச்சிதான் கண்டுபிடிச்சவ" என்று உள்ளே இருப்போர்க்கு ஓடிச் சொல்கிறான். அடுக்களையிலிருந்து இரண்டொருவர் எட்டிப் பார்க்கின்றனர். மாமன் கட்டை வாங்கிக் கலைக்கத் தொடங்குகிறார். நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. ஒருவரும் தோற்கவில்லை, ஒரு சதமும் கைமாறவில்லை. சிறு சபைக்கு வேண்டிய வித்தை இதற்கு மேல் யாதும் இல்லை.